கட்டியாயிற்றா, கட்டப் போகிறீர்களா?

கேலாங்கில் ஒரு லோரோங் முனைச் சாப்பாட்டுக் கடையில் தம்பி ஒருவர் என்னை அடையாளம் கண்டு பேச வந்தார். கட்டுமான வேலை பார்ப்பவர். “அக்கா, கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் ‘ஐ டை த ரோப்’ என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். இனிமேல்தான் கட்டப் போகிறேன் என்று நினைத்துத் திட்டிவிட்டார்” என்றார்.

திட்டோடு போயிற்று. இதுவே மாறி நடந்து, கட்டாத கயிற்றைக் கட்டியதாக நம்பி ஒருவர் மேலே ஏறியிருந்தால்?

கோளாறு வினைச்சொல்லில் இருக்கிறது. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். அங்கேயே தேடிப் பழகிய நமக்கு, ஆங்கிலத்தில் அது எழுவாய்க்கு அடுத்து நடுவில் நிற்பது பிடிபடுவதில்லை. ஓர் எளிய வழி சொல்கிறேன். வாக்கியத்தோடு ‘யெஸ்டர்டே’ சேர்த்துப் பாருங்கள். எந்தச் சொல்லை மாற்ற வேண்டியிருக்கிறதோ அதுதான் வினைச்சொல். ‘ஐ வொர்க் இன் கேலாங்’ என்பது நேற்றைய கதையானால் ‘வொர்க்ட்’. மாறியது ‘வொர்க்’, ஆகவே அதுதான் வினை. ‘கட்’, ‘புட்’ போல மாறாமல் ஏமாற்றும் சில உண்டு. அவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். தம்பி சொல்லியிருக்க வேண்டியது ‘ஐ டைட் த ரோப்’. இனிமேல்தான் கட்டுவதென்றால் ‘ஐ வில் டை த ரோப்’.

அடுத்தது, இல்லாத வினை. ‘என் அண்ணன் டிரைவர்’ என்றால் தமிழில் முழு வாக்கியம். அதையே ‘மை பிரதர் டிரைவர்’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்துக்கு அங்கே ஒரு வினை வேண்டும்: ‘மை பிரதர் இஸ் எ டிரைவர்’. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ மூன்றும் வினைச்சொற்களே. நேற்று என்றால் ‘வாஸ்’, ‘வேர்’ என்று மாறுகின்றன அல்லவா?

‘டிட் நாட் வென்ட்’ என்று பலர் சொல்வார்கள். (ஒலிவாங்கிக்கு முன்னால் நானும் சொல்லியிருக்கிறேன்.) தமிழை நினைத்துப் பாருங்கள். ‘நேற்று போகவில்லை’ என்கிறோம், ‘போனவில்லை’ என்பதில்லை. ‘போக’ என்பதில் காலம் கிடையாது. அதேபோல் ‘டிட்’ காலத்தைச் சுமந்துவிட்டதால் ‘கோ’ அப்படியே நிற்கும்: ‘டிட் நாட் கோ’.

மலாயிலும் சீனத்திலும் காலத்துக்கேற்ப வினைச்சொல் உருமாறுவதில்லை. மலாயில் ‘சுடா மாக்கான்’ என்றால் சாப்பிட்டாயிற்று. காலத்தைக் காட்டுவது ‘சுடா’. நம் ஊர் ஆங்கிலத்தில் ‘ஆல்ரெடி’ அந்த வேலையைச் செய்கிறது. திரு கோ சோக் டோங் பிரதமராக இருந்த 2000ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் தொடங்கப்பட்டது. சிங்கிலிஷை அது ஊக்குவிக்கவில்லை. எனக்கு சிங்கிலிஷ் மீது கோபம் இல்லை. சொல்லப்போனால், ‘ஐ டை ஆல்ரெடி’ என்றிருந்தால்கூட மேற்பார்வையாளருக்கு விளங்கியிருக்கும். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது அது உதவாது.

கிளம்பும்போது தம்பி, “அக்கா, ஐ பெய்ட் ஃபார் யுவர் டீ” என்றார். கல்லாவில் விசாரித்தேன். கொடுத்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.