நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் குடியேற்றமும் புல்மண் வீடுகளும்

முன்னுரை

அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியைச் சேர்ந்த நெப்ராஸ்கா மாநிலத்தின் நடுவே அமைந்துள்ளது கஸ்டர் கவுண்டி. 1877ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட இக்கவுண்டியின் தொடக்ககால வீடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. எஞ்சி நிற்கும் கட்டடங்களை மட்டும் கொண்டு இதன் குடியேற்ற வரலாற்றை எழுதவியலுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் சட்டமும்

இந்நிலப்பரப்பு ஆளற்ற வெளியாக இருந்ததன்று. பிளாட், லூப் ஆற்றங்கரைகளில் மண்குடில் அமைத்து வாழ்ந்த பானி பழங்குடியினர், 1870களின் நடுவில் இன்றைய ஓக்லஹோமாப் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச்சட்டம், 21 அகவை நிரம்பியோர்க்கும் குடும்பத் தலைவர்க்கும் 160 ஏக்கர் வரை அரசு நிலம் பெற வழிவகுத்தது. ஐந்தாண்டுகள் அந்நிலத்தில் தங்கிப் பயிரிட்டமையை மெய்ப்பித்தோர்க்கே பட்டா கிடைத்தது. எனவே, வீடு உறைவிடமாக மட்டுமன்றி உரிமைச் சான்றாகவும் விளங்கியது.

வீட்டின் அமைப்பு

மரங்கள் அரிதான அப்புல்வெளியில் மண்ணே கட்டுமானப் பொருளாயிற்று. வேர்கள் பின்னிய மேல்மண்ணைத் தனிவகைக் கலப்பையால் ஏறத்தாழ ஓரடி அகலப் பட்டைகளாகக் கீறி, இரண்டு மூன்றடி நீளக் கட்டிகளாக வெட்டினர். புல் கீழ்நோக்கியிருக்குமாறு அவற்றைச் செங்கல்போல் அடுக்கினர். தடித்த சுவர்கள் கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெம்மையும் தந்தன. ஆயின், மழைக்காலத்தில் கூரை ஒழுகியது. பூச்சிகளும் பாம்புகளும் புகுந்தன.

அழிவும் ஆவணமும்

1886ஆம் ஆண்டில் தொடர்வண்டிப் பாதை புரோக்கன் போ ஊரை எட்டியபின் அறுத்த பலகைகள் எளிதில் கிடைத்தன. வசதி பெற்றோர் பலகை வீடுகளுக்கு மாறினர். கைவிடப்பட்ட புல்மண் வீடுகள் மண்ணோடு கலந்தன. எஞ்சிய வீடுகள் ஊன்றி வளர்ந்தோரையே மிகுதியும் காட்டுகின்றன. விளைச்சல் பொய்த்து வெளியேறியோரின் சுவடு அவற்றில் அரிது.

இக்குறையை நிரப்புவன சாலமன் புட்சர் 1886 முதல் எடுத்த புகைப்படங்கள். கிறிஸ்மன் சகோதரியர் நால்வரின் படம், மணமாகாப் பெண்களும் நிலவுரிமை கோரியதைக் காட்டுகிறது. எனினும், புகைப்படமும் முழுமையான சான்றன்று. ஹில்டன் குடும்பத்தினர் தம் புல்மண் வீடு படத்தில் விழுவதை விரும்பாமல், இசைப்பெட்டியை வெளியே கொணர்ந்து அதனருகே நின்றனர். வீட்டை மறைத்த அப்படம், அவ்வீடு குறித்த நாணத்தையே பதிவுசெய்கிறது.

முடிவுரை

நிற்கும் கட்டடங்களைப் பட்டியலிடுவதோடு மரபுக் கணக்கெடுப்பு நின்றுவிடின் ஏழைக் குடியேறிகள் வரலாற்றிலிருந்து விடுபடுவர். நிலக்கோரிக்கைக் கோப்புகள், புகைப்படங்கள், எஞ்சிய கட்டடங்கள் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்குவதே இக்குறையைக் களையும் வழியாகும்.