400 கெஜத்தைக் கடக்கத் திணறிய செய்தி!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்கிலி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே அடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகம். மலைமேல் லாரன்ஸ் பெர்க்கிலி ஆராய்ச்சிக்கூடம். இரண்டுக்கும் இடையே தூரம் 400 கெஜம்தான்.

1986-ம் ஆண்டு அக்டோபர் மாதம். இந்த இரண்டு இடங்களிலும் இருந்த கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் திணறின. விநாடிக்கு 4 ஆயிரம் எழுத்துக்கள் போய்க்கொண்டிருந்த வழியில், 5 எழுத்துக்களே போயின!

கை தேர்ந்த டைப்பிஸ்டு ஒருவர் இந்த வேகத்தில் டைப் அடித்து விடுவார்.

கம்பி அறுந்ததா? இல்லை. பிறகு என்ன காரணம்?

பொட்டலமும் விலாசமும்

'இன்டர்நெட்'டில் ஒரு செய்தி முழுசாகப் போவது இல்லை. கம்ப்யூட்டர் அதைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு பொட்டலம். அனுப்புகிறவர் விலாசம், பெறுகிறவர் விலாசம் இரண்டும் அதன் மேல் இருக்கும்.

இந்த விலாசத்தில் தெருப் பெயர் கிடையாது. நான்கு எண்கள், நடுநடுவே புள்ளி. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இப்படி 429 கோடி விலாசங்கள் கிடைக்கும். அதுவும் போதாமல், இப்போது இன்னும் நீளமான விலாசமும் வந்து விட்டது!

வழியில் பல சந்திப்புகள் உண்டு. அங்கே 'ரூட்டர்' என்ற கருவி இருக்கும். தபாலாபீசில் கடிதங்களைப் பிரிப்பவரைப் போல, அது விலாசத்தைப் பார்த்துப் பொட்டலத்தை அனுப்பும். முழு வழியும் அதற்குத் தெரிய வேண்டியது இல்லை. அடுத்த சந்திப்பு எது என்று தெரிந்தால் போதும்.

கூட்டம் அதிகமானால் பொட்டலங்கள் கியூவில் நிற்கும். தாமதம் ஏற்படுவது இங்கேதான். கியூவுக்கும் ஓர் அளவு உண்டு. அது நிறைந்து விட்டால், அடுத்து வரும் பொட்டலத்தை ரூட்டர் கீழே போட்டு விடும்.

அவசரம் செய்த வேலை

பொட்டலம் கிடைத்ததும், "வந்து சேர்ந்தது" என்று பதில் போகும். குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால், அனுப்பிய கம்ப்யூட்டர் அதே பொட்டலத்தை மறுபடியும் அனுப்பும்.

வந்தது வினை! முதல் பொட்டலம் தொலையவே இல்லை. கியூவில்தான் நின்று கொண்டிருந்தது. அதற்குள் அதன் நகல் வந்து பின்னால் நின்றது. பிறகு இன்னொரு நகல். எல்லாக் கம்ப்யூட்டர்களும் இப்படியே செய்தால்? வழி முழுவதும் நகல்கள். புதுச் செய்திக்கு இடம் ஏது?

ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர் வான் ஜேக்கப்சன். பல்கலைக்கழகத்தில் இருந்தவர் மைக்கேல் கேரல்ஸ். இந்த இருவரும் வழி கண்டுபிடித்தார்கள்.

முதலில் ஒரே ஒரு பொட்டலம் அனுப்பு. பதில் வந்ததா? இரண்டு அனுப்பு. பிறகு நான்கு. பொட்டலம் தொலைந்து போனால், வழியில் நெரிசல் என்று புரிந்து கொள். அனுப்புவதைக் குறை. மறுபடியும் ஒன்றில் இருந்து தொடங்கு. எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருப்பது என்பதையும், அந்த அந்த நேரத்துத் தாமதத்தை அளந்து பார்த்து முடிவு செய்.

புதுக் கம்பி போடவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கட்டளைகளைத்தான் மாற்றினார்கள். 1988-ல் ஜேக்கப்சன் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

உங்கள் வீட்டுச் செல்போனில் ஒரு படம் வந்து இறங்கும்போதும், பல திருத்தங்களுடன் இந்த முறைதான் வேலை செய்கிறது. முதலில் சில பொட்டலங்கள். பதில் போனதும் இன்னும் சில. கண் இமைக்கும் நேரத்துக்குள் நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கி விடும்!