நிலம் விற்று எழுந்த கல்லூரிகள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

அமெரிக்க வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன யாவை? இவ்வாண்டு நம் கல்லூரி வரலாற்று மன்றத்தில் ஒரு மாலைப்பொழுது இவ்வினாவை எழுப்பினார்கள். எத்துறை மாணவரும் வரலாம். அந்நாட்டு வரலாற்றில் தம் மனத்தைக் கவர்ந்த ஒரு பகுதியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசலாம் என்பது ஏற்பாடு. இயற்பியல் நண்பர் ஒருவர் 1969இல் மனிதன் நிலவில் இறங்கியதைப் பேசிக் கைதட்டல் பெற்றார். ஆங்கில இலக்கிய மாணவி ஒருவர் 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையைப் பற்றிப் பேசியபோது அரங்கமே அமைதியாயிற்று. பொருளியல் நண்பர் 1929ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியை எடுத்துக்கொண்டார். என் முறை வந்தது. "1862ஆம் ஆண்டுக் கல்லூரி நிலக்கொடைச் சட்டம்" என்றேன். பின்வரிசையில் யாரோ விட்ட கொட்டாவி மேடைவரை கேட்டது! அன்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாமல் இறங்கி வந்த செய்தியைத்தான் இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

இக்கல்லூரியில் சேர விண்ணப்பம் நிரப்பிய நாளில், 'பெற்றோரின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அப்பா கையெழுத்துப் போடுவார், அம்மா கைநாட்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். உழவர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கதவு எப்போது, யாரால், எப்படித் திறந்தது என்னும் கேள்வி அன்றே என்னைப் பற்றிக்கொண்டது. நம் நாட்டுக் கதையை விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு ஏன் போனாய் என நண்பர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் வேர்க்கடலை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தன. மதகுருவாக, வழக்கறிஞராக, மருத்துவராக வேண்டியவர் அங்கே சென்றனர். ஏர் பிடிப்பவர் மகனுக்கும் பட்டறைக்காரர் மகனுக்கும் அங்கே வேலையில்லை. இந்நிலையை மாற்ற முனைந்தவர் வெர்மான்ட் மாநிலத்து உறுப்பினர் ஜஸ்டின் மொரில். அவர் ஒரு கொல்லரின் மகன். பதினைந்து வயதளவில் பள்ளிப்படிப்பு நின்று கடை வேலைக்குப் போனவர். கல்லூரியில் படிக்காத ஒருவர்தாம் இத்தனை கல்லூரிகளுக்கு வித்திட்டார் என்பது எனக்கு வியப்பாகவே உள்ளது.

அவருடைய முதல் மசோதா 1859இல் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் புக்கானனால் தடுக்கப்பட்டது. கல்லூரிகளுக்கு நிலம் வழங்க மைய அரசுக்கு அதிகாரமில்லை என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. தென் மாநிலத்து உறுப்பினர்களும் மசோதாவை வன்மையாக எதிர்த்தனர். பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்கள் பிரிந்துபோயின. அவைகளின் உறுப்பினர் இருக்கைகள் காலியாயின. அந்த இடைவெளியில் மசோதா மீண்டும் வந்தது. 1862 ஜூலை 2ஆம் நாள் ஆபிரகாம் லிங்கன் அதில் ஒப்பமிட்டார். அவரும் வாழ்நாளில் பள்ளிக்குப் போன நாள்களை எல்லாம் கூட்டினால் ஓராண்டு தேறாது!

சட்டம் வேலை செய்த விதம் சுவையானது. போர்க்காலமாதலால் அரசிடம் பணமில்லை. ஆனால் மேற்கே நிலம் இருந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் மேலவை, கீழவை ஆகிய இரண்டிலும் எத்தனை உறுப்பினர்களோ, அத்தனை 30,000 ஏக்கர் என்பது கணக்கு. மிகச் சிறிய மாநிலத்துக்கும் மூன்று உறுப்பினர் உண்டு. ஆகவே 90,000 ஏக்கர். நியூயார்க்குக்கு 33 உறுப்பினர். ஆகவே 9,90,000 ஏக்கர். தன் எல்லைக்குள் பொதுநிலம் இல்லாத மாநிலத்துக்கு நிலச்சீட்டு தரப்பட்டது. அச்சீட்டை விற்கலாம், வாங்கியவர் மேற்கே போய் நிலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். விற்ற பணத்தை மாநிலம் முதலாக வைத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத வட்டி வருமாறு செய்து, அவ்வட்டியில் கல்லூரி நடத்த வேண்டும். முதலில் கை வைக்கக்கூடாது. கட்டடத்துக்கும் அப்பணத்தைத் தொடக்கூடாது. ஐந்தாண்டுக்குள் கல்லூரி ஒன்றேனும் தொடங்கியாக வேண்டும். வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் அங்கே தலைமைப் பாடங்களாக இருக்க வேண்டும். போர்ப்பயிற்சியும் கற்பிக்க வேண்டும். பிற கலைகளையும் ஒதுக்கலாகாது.

நிலச்சீட்டுகள் சந்தையில் குவிந்தபோது விலை சரிந்தது. பல மாநிலங்கள் ஏக்கர் ஒரு டாலருக்கும் குறைவாகத் தள்ளிவிட்டன. நியூயார்க்கில் மட்டும் எஸ்ரா கார்னெல் என்பவர் அவசரப்படவில்லை. சீட்டுகளைத் தாமே வாங்கி, விஸ்கான்சின் மாநிலத்துப் பைன் காடுகளாக மாற்றி, விலை ஏறும்வரை பொறுத்திருக்க ஏற்பாடு செய்தார். கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு அதனால் ஏறத்தாழ 50 இலட்சம் டாலர் கிடைத்தது. 1960இல் பந்த்நகரில் நம் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது இக்கல்லூரிகளின் அமைப்பைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார்கள்.

இதுவரை படித்தபோது எனக்கு ஒரே மகிழ்ச்சி. கொல்லர் மகன் மசோதா கொண்டுவர, குடிசையில் பிறந்தவர் ஒப்பமிட, உழவர் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைகின்றனர். இதைவிட நல்ல கதை உண்டோ! வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த நிலம் அதற்கு முன் யாருடையது?" என்றார்.

எங்கள் ஊரில் ஒரு காணி கைமாறினாலும் மூலப்பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். எனக்கு அது தோன்றாமல் போனதே என்று வெட்கமாயிருந்தது. விடை தேடினேன். சட்டத்தின்படி வழங்கப்பட்ட நிலம் மொத்தம் சற்றேறக்குறைய 1 கோடியே 70 இலட்சம் ஏக்கர். 2020இல் ஹை கன்ட்ரி நியூஸ் என்னும் அமெரிக்க இதழ், அதில் ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் ஏக்கரைத் துண்டு துண்டாகத் தேடி, ஒவ்வொன்றும் எந்தப் பழங்குடி மக்களிடமிருந்து வந்தது என வரைபடமாக வெளியிட்டது. ஏறக்குறைய 250 பழங்குடிக் குழுக்களின் நிலம் அது. முன்பு நம் பாடநூல்கள் 'செவ்விந்தியர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்ட மக்களுக்கு இத்தனை பெயர்கள் உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி. சில இடங்களில் சொற்பத் தொகை கொடுத்து ஒப்பந்தம். சில இடங்களில் அதுவுமில்லை. கார்னெல் தேர்ந்துகொண்ட பைன் காடுகள் ஓஜிப்வே மக்கள் ஒப்பந்தத்தில் இழந்தவை.

சட்டம் பிறந்த அதே 1862ஆம் ஆண்டு ஆகஸ்டில், மின்னசோட்டாவில் டகோட்டா மக்கள் போருக்கு எழுந்தனர். ஏற்கெனவே விட்டுக்கொடுத்த நிலத்துக்காக வரவேண்டிய ஆண்டுத்தொகை உரிய நேரத்தில் வராமல், உணவின்றி வாடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். போர் அடக்கப்பட்டது. இராணுவ விசாரணையில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. லிங்கன் பட்டியலைப் பார்த்துப் பெரும்பாலோரின் தண்டனையைக் குறைத்தார். எஞ்சிய 38 பேர் டிசம்பர் 26ஆம் நாள் மங்காட்டோ நகரில் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். ஜூலையில் கல்லூரிச் சட்டத்தில் ஒப்பமிட்ட அதே கைதான் இதற்கும் ஒப்பமிட்டது. லிங்கனின் படம் என் நோட்டுப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறது. அதைக் கிழிக்கவில்லை, ஆனால் பழையபடி பார்க்க முடியவில்லை.

இனி வேர்க்கடலைக்கு வருவோம். எங்கள் திண்டிவனம் பக்கத்தில் அதற்கு மணிலா என்று பெயர். தென் அமெரிக்காவில் தோன்றிய செடி அது என்று சொன்னால் எங்கள் ஊரில் நம்பமாட்டார்கள். சென்ற ஐப்பசியில் செய்முறை வகுப்புக்கு வேர் முடிச்சுகள் தேவைப்பட்டபோது, எங்கள் கொல்லையிலிருந்து நான்தான் செடிகளைப் பிடுங்கி வந்தேன். "மணிலா போட்ட கொல்லைக்கு அடுத்த போகம் எரு கம்மியாப் போதும்" என்று அப்பா எப்போதும் சொல்வார். அம்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்றதாக்கித் தருகிறது என்பதை வகுப்பில்தான் அறிந்தேன். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் இதனை நிறுவியது 1880களில். அந்தப் புத்தம்புதிய அறிவை ஏழை உழவரின் வயலுக்குக் கொண்டுபோனவர்களுள் ஒருவர்தாம் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

கார்வர் 1864ஐ ஒட்டி மிசௌரி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். கைக்குழந்தையாயிருந்தபோது கொள்ளையர் அவரையும் தாய் மேரியையும் கடத்திச் சென்றனர். குழந்தை மட்டும் மீண்டது. கறுப்பினச் சிறுவர்க்கான பள்ளியைத் தேடி எட்டு மைல் அப்பாலிருந்த ஊருக்குப் போய்த் தங்கிப் படித்தார். பின்னர்க் கான்சாஸ் மாநிலக் கல்லூரி ஒன்று அஞ்சல் வழியே இடம் தந்தது. நேரில் போய் நின்றபோது, நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. துணி வெளுத்துப் பிழைத்தவாறே படிப்பைத் தொடர்ந்து, 1891இல் அயோவா மாநில வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அது மொரில் சட்டத்தால் நடந்த கல்லூரி. அங்கே முதல் கறுப்பின மாணவர் அவர்தாம். தொடக்கத்தில் மற்ற மாணவருடன் உண்ண அனுமதியில்லை; வேலையாட்களோடு கீழ்த்தளத்தில் உண்டார் என்பர். 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். இரண்டும் வேளாண்மையில், தாவரவியல்தான் அவருடைய சிறப்புப் பாடம்.

தென் மாநிலங்களில் மொரில் சட்டத்தின் பயன் கறுப்பின மக்களுக்கு மிக அரிதாகவே கிட்டியது. ஆகவே 1890இல் இரண்டாவது சட்டம் வந்தது: ஒன்று, நிறம் பார்க்காமல் சேர்க்க வேண்டும், இல்லையேல், அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி நடத்த வேண்டும். தென் மாநிலங்கள் தனிக் கல்லூரியையே தேர்ந்தன.

1896இல் புக்கர் டி. வாஷிங்டன் அழைப்பை ஏற்று அலபாமாவின் டஸ்கீகிக்குக் கார்வர் சென்றார். ஆய்வகம் கிடையாது. மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளில் புட்டிகளும் பழைய கலங்களும் பொறுக்கி ஓர் ஆய்வகம் அமைத்தார். பருத்தி ஒன்றையே விதைத்து விதைத்துச் செத்துப்போன மண்ணில் காராமணியும் வேர்க்கடலையும் மாற்றிப் பயிரிடச் சொன்னார். கல்லூரிக்கு வர இயலாத உழவருக்காக 1906இல் கோவேறு கழுதை பூட்டிய வண்டியொன்றில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். அவர் காலமான 1943வரை டஸ்கீகியே அவர் இல்லம். இங்கே ஒரு திருத்தம்: வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று பலர் சொல்வது தவறு. பள்ளிப் பேச்சுப்போட்டி ஒன்றில் நானும் அப்படிச் சொல்லி முதல் பரிசு வாங்கினேன். பரிசாகப் பெற்ற எவர்சில்வர் தட்டில்தான் இன்றும் சாப்பிடுகிறேன்!

இக்கட்டுரையின் முதல் படியை வீட்டில் அக்காவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பில் அக்காவின் மதிப்பெண் என்னைவிட 61 அதிகம். எங்கள் இருவரில் ஒருவர்தான் மேலே படிக்கலாம் என்ற நிலை வந்தபோது, யாரும் கேட்காமலேயே அவள் செருப்புத் தொழிற்சாலை வேலையில் சேர்ந்தாள். என் பேருந்துக் காசும் இதை எழுதிய தாளும் அவள் சம்பளத்தில் வந்தவை. மூலப்பத்திரத்தைப் பற்றிப் பேராசிரியர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அவள்தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து, பை மடியிலிருக்க, ஒரு வரி விடாமல் படித்தாள். சட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தக் கார்வரோட அம்மா என்ன ஆனாங்க?"

"தெரியல அக்கா. திரும்பி வரவேயில்ல. 1855இல் 700 டாலருக்கு அவங்கள வாங்கின விற்பனைப் பத்திரம் மட்டும் இருக்கு. அப்ப அவங்களுக்குப் பதிமூணு வயசு."

"பதிமூணா?" என்றாள். தெருமுனையில் தொழிற்சாலை வண்டியின் ஒலி கேட்டது. தாள்களை மடிக்காமல் என்னிடம் தந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.