ஓர் எல்க், 90 கிலோ இறைச்சி: கொலராடோ வேட்டையின் வரவு செலவு

அமெரிக்காவின் கொலராடோவுக்கு எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது உரிமக் கட்டணத்தை. அதற்கும் முன்னால் போட வேண்டியது எடைக் கணக்கு. வளர்ந்த ஆண் எல்க் சுமார் 320 கிலோ, பெண் சுமார் 225 கிலோ. ஆணின் கொம்பு மட்டுமே 18 கிலோ வரை இருக்கும். தோலும் எலும்பும் குடலும் போக ஏறத்தாழ 90 கிலோ இறைச்சி தேறும். நான்கு கால்கள், முதுகுச் சதை, உள்முதுகுச் சதை ஆகியவற்றில் உண்ணத் தகுந்ததை எடுத்தே தீரவேண்டும் என்பது மாநிலச் சட்டம். கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது கடும் குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஓர் ஆள் ஒரு நடைக்கு 23 கிலோ சுமப்பதாக வைத்தால் நான்கு நடை. வண்டி நிற்கும் இடம் 5 கிலோமீட்டர் தள்ளி என்றால், சுமையோடு நான்கு முறை, வெறுங்கையோடு மூன்று முறை, ஆக 35 கிலோமீட்டர். 3,000 மீட்டர் உயரத்தில் சுமையோடு மணிக்கு 2 கிலோமீட்டர், சுமையின்றி 3 கிலோமீட்டர் நடந்தால் 15 மணி நேரம் ஆகும். அதே எல்க் ஒன்றரை கிலோமீட்டரில் விழுந்தால் மொத்தமே பத்தரை கிலோமீட்டர்தான். பிளாட் டாப்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட வனப்பரப்புக்குள் 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளும் கைவண்டியும்கூடக் கூடாது. முதுகு அல்லது குதிரை, வேறு வழியில்லை.

இந்த 15 மணி நேரத்தில் இறைச்சி காத்திருக்காது. எல்க்கின் தோலும் மயிரும் உடற்சூட்டை வெளியே விடுவதில்லை. வெளிக்குளிர் இருந்தாலும் தொடை எலும்பைச் சுற்றிய சதைதான் முதலில் கெடும். ஆகவே விழுந்த உடனே தோலை உரித்து, கால்களைப் பிரித்து, துணிப்பைகளில் நிழலில் தொங்கவிட வேண்டும். எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதை வேட்டைக்காரரின் கால்கள் அல்ல, இந்தச் சூடுதான் முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி பணம். வெளிமாநிலத்தவருக்கு எல்க் உரிமம் 700 டாலருக்கு மேல். விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறும். உரிமத்துக்கான குலுக்கலில் சேர முன்கூட்டியே வாங்க வேண்டிய சிறுவிலங்கு உரிமம், வாழிட முத்திரை எல்லாம் சேர்த்தால் 900 டாலரை ஒட்டி வரும். ஆறு மாதம் தொடர்ந்து கொலராடோவில் குடியிருந்தவர் எல்க் உரிமத்துக்குக் கொடுப்பது இதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உதாரணமாக, சிகாகோவிலிருந்து டென்வர் 1,600 கிலோமீட்டர், அங்கிருந்து பிளாட் டாப்ஸை ஒட்டிய மீக்கர் ஊர் 350. போக வர 3,900 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் வண்டியில், பெட்ரோல் சுமார் 400 டாலர். தேசிய வனத்தில் கூடாரம் போட்டுத் தங்கினால் வாடகை இல்லை. சாப்பாட்டுக்கு 250 வைக்கலாம். ஆக 1,550. எல்க் கிடைத்தால் வெட்டிப் பொட்டலம் கட்டும் கூலி இன்னொரு 300.

கிடைத்தால் என்ற சொல்தான் கணக்கைத் தலைகீழாக்குகிறது. கொலராடோவில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் தோராயமாகக் கிடைக்கிறது. ஐந்து பயணத்துக்கு 7,750, ஒருமுறை வெட்டுக்கூலி 300, மொத்தம் 8,050 டாலர். 90 கிலோவால் வகுத்தால் கிலோ 89 டாலர். மலிவான இறைச்சி தேடிப் போகிறவர் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் உரிமப் பணத்துக்கு வேறொரு கணக்கும் உண்டு. 1900களின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் ஆயிரம் எல்க்கூட இருந்ததாகக் கணக்கில்லை. 1912 முதல் வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று 2,80,000 அளவில் இருக்கின்றன, உலகிலேயே பெரிய எண்ணிக்கை. உரிமப் பணமும், துப்பாக்கி, தோட்டா மீதான கூட்டாட்சி வரியில் 1937ஆம் ஆண்டுச் சட்டம் வனவிலங்குக்கு ஒதுக்கிய பணமும் அந்த மீட்சிக்குச் சோறு போட்டன. 700 டாலர் அங்கேதான் போகிறது. அதனால் அதை நான் செலவுப் பக்கம் எழுதத் தயங்குகிறேன்.

விதிகளிலும் எண்களே பேசுகின்றன. குலுக்கல் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் தொடக்கத்தில். 2025 முதல் மலைப்பகுதியில் வெளிமாநில வில் வேட்டைக்காரர்களுக்கும் குலுக்கல்தான். 1949 ஜனவரி 1 அன்றோ பிறகோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சிச் சான்று காட்ட வேண்டும். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, தலையிலும் அதே நிறம். தோட்டா குறைந்தது 85 கிரெயின் எடை. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து மறைவுக்கு அரைமணி பின்புவரை மட்டுமே சுடலாம். பெரும்பாலான பிரிவுகளில் ஆண் எல்க்குக்கு ஒரு கொம்பில் நான்கு கிளையோ, 5 அங்குல நெற்றிக்கிளையோ இருக்க வேண்டும். எண்ணி முடிக்காமல் விசையைத் தொடக்கூடாது. நண்பரின் உரிமத்தில் நீங்கள் சுடுவது சட்டவிரோதம். தனியார் நிலத்தில் வேலியோ பலகையோ இல்லாவிட்டாலும் அனுமதி கேட்டே நுழைய வேண்டும்.

விழுந்ததும் உரிமச்சீட்டின் அடிப்பகுதியைக் கிழித்து, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். பாலினம் காட்டும் உறுப்பு இறைச்சியோடு இயல்பாக ஒட்டியே இருக்க வேண்டும். 1981இல் ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் காட்டு எல்க் ஒன்றில் மூளையை அரிக்கும் நோய் கண்டறியப்பட்டது. அந்த நோய்க்கு அஞ்சிப் பல மாநிலங்கள் மூளையையும் முதுகெலும்பையும் எல்லைக்குள் விடுவதில்லை. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை அந்த 90 கிலோவை உறைபெட்டியில் வையுங்கள். நோய் உறுதியானால் சமைக்க வேண்டாம்.