உறைபனிப் பேழை

அரபுக் கவிதையில் பயிற்சியுடையோர் ‘மஹா’ என்னும் சொல்லை நன்கறிவர். மங்கையரின் கண்ணழகுக்குப் புலவர்கள் உவமை கூறிய ஓரிக்ஸ் என்னும் பாலைநில மான் அது. அதன் ஆப்பிரிக்க உறவினம், வாள்போல் வளைந்த கொம்புகளை உடையது. 2000ஆம் ஆண்டில் அம்மான் இயற்கைச் சூழலிலிருந்து முற்றாக மறைந்துவிட்டதென அறிவிக்கப்பட்டது.

அழிவின் விளிம்பில் நிற்கும் இத்தகைய உயிரினங்களின் டி.என்.ஏ.வையும் திசுக்களையும் உறைநிலையில் பாதுகாக்கும் திட்டமொன்று 2004இல் தொடங்கப்பட்டது. இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், இலண்டன் விலங்கியல் கழகம், நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவை அதில் கைகோத்தன. நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பலை நினைவூட்டும் வகையில் அதற்கு ‘உறைபனிப் பேழை’ என்று பெயரிட்டனர். முதலில் சேர்க்கப்பட்ட மாதிரிகளுள் மேற்சொன்ன மானுடையதும் ஒன்று.

இத்திட்டத்திற்கு வித்திட்டது ஒரு சிறு நத்தையே. பசிபிக் பெருங்கடலிலுள்ள மொரியா தீவின் பார்ட்டுலா மரநத்தைகளைப் பேராசிரியர் பிரையன் கிளார்க் நெடுங்காலம் ஆராய்ந்தவர். பயிர்களை அழித்த வேறொரு நத்தையை ஒழிப்பதற்காக 1977இல் அங்கு ஊனுண்ணும் நத்தை கொண்டுவந்து விடப்பட்டது. அதுவோ பத்தாண்டுகளுக்குள் பார்ட்டுலாக்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தின்று தீர்த்தது. அக்கண்கூடான அழிவே அவரையும் அவர்தம் துணைவியாரையும் இம்முயற்சிக்குத் தூண்டியது.

ஆனால் நூஹ் நபியின் கப்பலில் ஏறியவை உயிருள்ள இணைகள். இப்பேழையில் இருப்பவை என்ன? டி.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் எழுதப்பட்ட ஏடு போன்றது. அதனை மட்டும் கொண்டு ஒரு விலங்கை உருவாக்க இயலாது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 பாகை செல்சியசில், உயிரணுக்களையே காத்தால் படியெடுப்புக்கு வழியுண்டு. சான் டியாகோவில் 1980இல் உறையவைத்த உயிரணுவிலிருந்து 2020இல் பிரஷவால்ஸ்கி இனக் குதிரைக் குட்டியொன்று பிறந்து வளர்ந்தது. ஆனால் ஸ்பெயினில் 2000இல் அற்றுப்போன பைரினீ மலையாட்டின் படியாக 2003இல் பிறந்த குட்டி சில நிமிடங்களே மூச்சுவிட்டது.

வாள்கொம்பு மான் மீண்டதும் பேழையிலிருந்து அன்று. அபுதாபி முதலிய இடங்களில் வளர்த்துப் பெருக்கிய மந்தைகளே 2016 முதல் சாட் நாட்டின் புல்வெளிக்குத் திரும்பின. 2023இல் அதன் நிலை ‘அழியும் அபாயத்திலுள்ளது’ என மேம்பட்டது.

அங்ஙனமாயின் பேழை வீணா? அன்று. சிறு மந்தையில் நெருங்கிய உறவுகள் கூடினால் சந்ததி நலியும். எது எவ்வழி வந்தது என்னும் ‘நஸபை’, வமிசவழியை, டி.என்.ஏ.வே நமக்கு எடுத்துரைக்கிறது.

ஏட்டைக் காப்பது அறிவு. ஓதுபவரே இல்லாமற்போன பின் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறைவடைவது அறிவாகாது.