வாக்குக் கணக்கில் தொடங்கும் பாடம்

1967 சட்டமன்றத் தேர்தலில் தனிக்கட்சியாக அதிக வாக்கு வாங்கியது யார்? திமுக என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். ஆனால் முந்தியது காங்கிரஸ். அதற்குக் கிடைத்தது சுமார் 41 சதவீதம். திமுகவுக்கு அதைவிட ஒரு இழை குறைவு. இடங்களோ தலைகீழ். மொத்தம் 234-இல் திமுக 137 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. காங்கிரஸ் ஐம்பதை ஒட்டி நின்றுவிட்டது. விருதுநகரில் காமராஜரே பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார்.

இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, எம்.ஜி.ஆர். சுடப்பட்டது என்று இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் வாக்குக்கும் இடத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியை அவை மட்டும் விளக்கிவிடாது. பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்கப் போகும் மாணவர் முதலில் பழக வேண்டியது இந்த இடைவெளியைப் பார்க்கத்தான்.

காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. திமுக 174-இல் மட்டும் நின்று, மற்றவற்றைச் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கட்சி, முஸ்லிம் லீக் முதலிய தோழமைகளுக்கு விட்டுக்கொடுத்தது. எதிர்ப்பு வாக்கு சிதறவில்லை. ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவருக்கே வெற்றி, அது பாதிக்கு மேல் இருக்க வேண்டியதில்லை என்பது நம் தேர்தல் முறை. இப்படிப்பட்ட முறை இரு கட்சிப் போட்டியை நோக்கித் தள்ளும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் துவெர்ழே 1951-இல் எழுதினார். இந்தியாவில் அது கட்சிகளைக் குறைக்கவில்லை, கூட்டணிகளைத்தான் வளர்த்தது. அதே 1967 வாக்குகளை விகிதாசார முறையில் பங்கிட்டுப் பாருங்கள். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தலா சுமார் 95 இடம் வரும். எவருக்கும் பெரும்பான்மை இருந்திருக்காது. அண்ணா கூட்டணி அமைச்சரவை ஒன்றை அமைக்க வேண்டி வந்திருக்கலாம். அல்லது முதல்வராகவே ஆகாமல் போயிருக்கலாம். விதி மாறினால் வரலாறு எவ்வளவு மாறும் என்பதை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட முடிகிறது.

இந்தப் பார்வையைப் பழக்கும் மூன்றாண்டு பி.ஏ. படிப்பின் பாடங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சற்று மாறினாலும், அடித்தளம் ஒன்றுதான்: அரசியல் கோட்பாடு, மேலைநாட்டு, இந்தியச் சிந்தனையாளர்கள், அரசியலமைப்பு, பிற நாட்டு ஆட்சிமுறைகளோடு ஒப்பீடு, பொது நிர்வாகம், சர்வதேச உறவுகள். பட்டியலாகப் பார்த்தால் வறட்சியாகத் தெரியும். உதாரணங்களோடு நடத்தினால் அப்படி இல்லை.

அரசியலமைப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் திருத்தத்துக்குப் பின்னால் சென்னை மாநிலத்தின் வழக்குகள் இருந்தன என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்தையும் வகுப்புவாரியாகப் பிரித்துக் கொடுத்த அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாட்டில் கொந்தளிப்பு எழுந்தது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான், ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்ற தடையையும் அதே நீதிமன்றம் நீக்கியிருந்தது. 1951 ஜூனில் வந்த திருத்தம், பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது. கூடவே பேச்சுரிமைக்குப் புதிய வரம்புகளையும் போட்டது. ஒரே திருத்தத்தில் சமூக நீதிக்கு ஒரு கதவு திறந்தது, பேச்சுக்கு ஒரு கதவு ஒருக்களித்துச் சாத்தப்பட்டது. இரண்டையும் சேர்த்து எடைபோட வைப்பதே நல்ல ஆசிரியரின் வேலை.

நம் பெருமைகளையும் அப்படித்தான் எடைபோட வேண்டியிருக்கிறது. ஊர் நிர்வாகத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதிகளைச் சொல்லும், பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிடாத மேடை இல்லை. அது பெருமைக்குரியதுதான்: 30 குடும்புகள் என்ற ஊர்ப் பிரிவுகள், வயது வரம்பு, கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் தடை என்று எவ்வளவு நுணுக்கமான விதிகள்! ஆனால் அதில் வரும் குடவோலை முறை என்பது குலுக்கல், வாக்கெடுப்பு அல்ல. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமணர் சபை அது. இதையெல்லாம் சொல்வதால் கல்வெட்டின் மதிப்பு குறைந்துவிடாது. பதவியைக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பது பழைய ஏதென்ஸிலும் இருந்தது என்பதால், ஒப்பிட்டுப் படிக்க இன்னும் சுவையான பொருளாகிறது.

வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. குடிமைப் பணித் தேர்வின் பொது அறிவுத் தாள்களில் ஒன்று பெருமளவு இந்தப் பாடம்தான். விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். டிஎன்பிஎஸ்சி, மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, இதழியல், தேர்தல் ஆய்வு, ஆசிரியர் பணி என்று வழிகள் உண்டு. பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசியலைப் பற்றிய முக்கிய ஆய்வு நூல்கள் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1965-இலும் மார்கரீட் ராஸ் பார்னெட் 1976-இலும் திராவிட இயக்கத்தைப் பற்றி எழுதினார்கள், இருவரும் அமெரிக்கர்கள். எம்.ஜி.ஆர். என்ற பிம்பத்தை ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992 நூலும் ஆங்கிலத்தில்தான் முதலில் வந்தது. தமிழ்வழியில் படிக்கும் கிராமத்து மாணவர் தன் ஊர் அரசியலைப் பற்றிய விவாதத்துக்குள் நுழைய, முதலில் அயல்மொழியின் வாசலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. தேர்வு நேரத்துக் கைடுகள் அந்த வாசலைத் திறந்துவிடாது. மொழிபெயர்ப்புகளும், தமிழிலேயே எழுதப்படும் ஆய்வுகளும் பல மடங்கு பெருக வேண்டும். இதில் அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் பொறுப்பு உண்டு.

இந்தத் தலைமுறைக்குப் படிக்கும்போதே ஒரு பெரிய கேள்வி காத்திருக்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ப மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடுவதை 1976-இல் 42-ஆவது திருத்தம் நிறுத்திவைத்தது. அந்த நிறுத்தத்தை 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. நிறுத்தம் வருமுன் நடந்த பங்கீட்டிலேயே தமிழ்நாட்டின் இடங்கள் குறைந்திருந்தன: 1967-க்கு முன் 41 இருந்தன, பிறகு 39 ஆயின. நிறுத்தம் முடிந்து மீண்டும் பங்கிடும்போது, குடும்பக் கட்டுப்பாட்டில் வென்ற மாநிலம் அதற்காகக் குரலை இழக்கலாமா என்பது ஒரு நியாயம். ஒவ்வொரு குடிமகனின் வாக்குக்கும் சம எடை வேண்டும் என்பது பீகாரிலிருந்து வரும் எதிர் நியாயம். மாநிலங்களின் குரலுக்கு மேலவையில் இடம் தரும் வழி நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க செனட்டில் சிறிய மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் இரண்டே இடங்கள். ஜெர்மனியின் மேலவையில் ஒரு மாநிலத்துக்கு மூன்றிலிருந்து ஆறு வாக்குகள் வரை. நம் மாநிலங்களவையோ பெரும்பாலும் மக்கள்தொகையை ஒட்டியே அமைந்திருக்கிறது. இந்த மூன்றையும் அருகருகே வைத்துத் தமிழ்நாட்டின் வாதத்தை எப்படிக் கட்டலாம் என்று எழுதிப் பார்ப்பது, இரண்டாம் ஆண்டு மாணவராலேயே செய்யக்கூடிய பயிற்சி.