காவற்காரனை நிறுத்துமுன் செய்யத்தக்கன

எத்தொழிலைத் தொடங்குவார்க்கும் அத்தொழிலினும் முற்பட்டு நிற்பது அதற்குரிய களத்தைச் செம்மை செய்தலாம். உழவர் விதைக்குமுன் உழுவர். தச்சர் மரத்தை அறுக்குமுன் நூலிடுவர். கோபுரங் கட்ட எண்ணியவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடாதிருப்பனோ என நம் ஆண்டவர் வினவியதையும் நாம் அறிவோம். இவ்வுண்மை வயலுக்கும் வீட்டிற்கும் மட்டுமன்றிக் கணிப்பொறிகளின் வலையமைப்பிற்கும் பொருந்துவதே. அதனை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுந்தோம்.

சேவையகமாவது, பிற கணிப்பொறிகள் வேண்டுவனவற்றை வேண்டியபோது எடுத்தளிக்கும் பொறி. கல்லூரி நூலகத்தின் பட்டியல், மருத்துவமனையின் நோயாளர் ஏடு, கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, நூற்பாலையின் சரக்கிருப்பு ஆகிய இவையெல்லாம் இந்நாளில் எங்கேனும் ஒரு சேவையகத்தையே சார்ந்துள்ளன. அப்பொறி நின்றால் அதனை நம்பிய பணி யாவும் நிற்கும். ஆதலின் அதன் வெப்பம், நினைவகம், வட்டில் எஞ்சிய இடம், இணைப்பின் நலம் ஆகியவற்றை இரவும் பகலும் நோக்கியிருந்து, குறை காணின் உரியவர்க்கு உடனே அறிவிக்கும் மென்பொருள்கள் இயற்றப்பட்டன. ஈத்தன் கால்ஸ்டாட் என்பார் 1999-இல் வெளியிட்டுப் பின்னர் நாகியோஸ் எனப் பெயர் பெற்றதும், லாட்வியா நாட்டு அலெக்சி விளாடிஷெவ் என்பார் 2001-இல் வெளியிட்ட சாபிக்ஸும் இவ்வகையின. 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தோன்றி, 2009-இல் சோஹோ எனப் பெயர் மாறித் தமிழ்நாட்டில் வேரூன்றி வளர்ந்த நிறுவனம் இயற்றிய ஆப்மேனேஜரும் இவ்வினத்ததே. வலையமைப்பு மேலாண்மைக்குரிய கருவிகளை ஆக்குதலே அந்நிறுவனத்தின் தொடக்கப் பணியாயிருந்தது என்பது நாம் மகிழ்வோடு நினைக்கத்தக்கது.

இத்தகைய மென்பொருளை விலைக்கு வாங்கியோ விலையின்றிப் பெற்றோ நிறுவிவிடின் காவல் முற்றுப்பெற்றது எனப் பலர் கருதுகின்றனர். அது பொருந்தாது. திண்டுக்கல் நகரை அடுத்து நிற்கும் கற்குன்றின்மீது 1605-இல் மதுரை நாயக்கராகிய முத்துகிருஷ்ணப்பர் கோட்டை எழுப்பினார். அதன் உச்சியில் நிற்பார்க்குச் சிறுமலையும் பழனிமலைத் தொடரும், இடையே பரந்த சமவெளியும் தோன்றும். ஆயினும், அங்கு நிறுத்தப்பட்ட காவற்காரன் எவ்வூர் எத்திசையிலுள்ளது, எப்புகை செங்கற் சூளையின் புகை, எப்புகை தீப்பற்றிய வைக்கோற் போரின் புகை என அறியானாயின், குன்றின் உயரத்தால் அவனுக்கு ஆவதென்னை? கண்காணிப்பு மென்பொருளும் அத்தகையதே. நாம் முன்னரே செம்மை செய்து காட்டியதையன்றி வேறொன்றையும் அது காணாது.

இதற்குச் சான்றாக நமக்கு அண்மையிலேயே நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். திண்டுக்கல்லினின்று வத்தலக்குண்டு வழியாகச் செல்லும் சாலை தேனியை அடைகின்றது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளையொன்று அத்தேனியில் உள்ளது. 2005-ஆம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி ஆராய்ச்சியாளர்கள் அம்மருத்துவமனையையும் ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் முதலிய சுற்றூர்களிலுள்ள கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தொலைவு வைஃபை அலைகளால் இணைத்தனர். சிற்றூர் மையத்தில் அமர்ந்த நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் கண்டு வினவுவார். ஒரு நாட் கூலியை இழந்து வந்து அமர்ந்த முதியவர்க்கு அவ்விணைப்பு அற்ற நேரம் வெறும் இயந்திரக் குறையன்று. மீண்டும் ஒரு நாட் கூலியின் இழப்பாம்.

அவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆராய்ச்சியுரையைக் கற்பார்க்கு, அலைகளை அனுப்புவதினும் அவ்வலையமைப்பைக் காத்தலே அரிய பணியாயிற்று என்பது புலனாகும். மருத்துவமனையின் உட்பொறிகள் பொது முகவரி இன்றி வாயிற்பொறி ஒன்றன் பின்னே மறைந்திருந்தன. எனவே அமெரிக்காவிலிருந்து அவற்றை நேரே வினவுதல் இயலாதாயிற்று. ஆதலின் வினவும் முறையை விடுத்து, ஒவ்வொரு பொறியும் தானே குறித்த காலந்தோறும் தன் நலத்தை வெளியே எழுதி அனுப்புமாறு அமைத்தனர். 230 வோல்ட் வரவேண்டிய மின்சாரம் 500 வோல்ட்டுக்கு மேலும் துள்ளியதை அவர்கள் அளந்து கண்டனர். பழுதுகளுட் பெரும்பாலன மின்சாரத்தாலேயே விளைந்தன. இணைப்பு அற்றபோது குறை அலையிலோ, கம்பியிலோ, கணிப்பொறியிலோ, மின்சாரத்திலோ எனப் பிரித்தறிதல் அவ்விடத்துப் பணியாளர்க்கு அரிதாயிற்று. களத்தின் இயல்பு காவலின் முறையையே மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. இனி, மென்பொருளை நிறுவுமுன் செய்யத்தக்கனவற்றை முறையே கூறுவோம்.

1. பெயரேடு எழுதுதல்

முதற்கண் வேண்டுவது ஓர் ஏடு. எப்பொறி, எவ்வறையில், எச்சுவிட்சின் எத்துளையில் இணைந்துள்ளது, எப்பணிக்குரியது, அதற்குப் பொறுப்புடையார் யாவர் என்பவற்றை அதில் எழுதல் வேண்டும். காக்கப்படும் பொறிகட்கு மாறா முகவரி கொடுத்தல் இன்றியமையாதது. இன்று ஒரு முகவரியும் நாளை வேறொரு முகவரியும் பெறும் பொறியைக் காவற்காரன் எங்ஙனம் தேடுவான்? உள்வலையமைப்புகள் தமக்குள் வழங்கிக்கொள்ளுதற்கென 10 எனத் தொடங்கும் முகவரித் தொகுதி முதலியன 1996-இல் ஒதுக்கி வரையறுக்கப்பட்டன. அவற்றைக் கட்டடத்திற்கொரு பகுதியாகப் பகுத்து வழங்கின், எண்ணைக் கண்ட அளவிலே இடம் விளங்கும். அன்றியும், எது எதனைச் சார்ந்துள்ளது என்பதையும் குறித்தல் வேண்டும். ஒரு சுவிட்சின் கீழ் முப்பது பொறிகள் இருப்ப, அச்சுவிட்சு நின்றால் முப்பத்தொரு மணிகள் ஒலித்தல் தகாது. ஒரு மணியே ஒலித்தல் தகும். சார்பை முன்னரே எழுதிக் கொடுத்தாலன்றி மென்பொருள் இதனை அறியாது.

2. வழியும் வாயிலும் அமைத்தல்

காவற்பொறி பிற பொறிகளோடு உரையாட வழி வேண்டும். 1983-இல் மைக் மூஸ் என்பார் இயற்றிய பிங் என்னும் சிறு கருவி, ஒரு பொறியை விளித்து அது மறுமொழி தருகின்றதா எனக் காண்பது. நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலிக்கருவியின் ஓசையைக் கொண்டே அவர் அதற்குப் பெயரிட்டார். 1988-இல் தோன்றிய எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை, பொறியின் உட்செய்திகளைக் கேட்டறிய 161 என்னும் வாயிலையும், பொறி தானே முறையிட 162 என்னும் வாயிலையும் கொண்டது. சாபிக்ஸ் 10050, 10051 என்னும் வாயில்களை நாடும். இடையிலே நிற்கும் தீச்சுவர் என்னும் அரண் இவற்றை அடைத்திருப்பின், நலமாயிருக்கும் பொறியையும் மாண்டதெனக் காவற்காரன் உரைப்பான். இதற்கஞ்சி எல்லா வாயில்களையும் திறந்துவிடுதல் அதனினும் பெருந்தீங்கு. திண்டுக்கற் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது 2019-இல் ஆயினும், அதன் புகழ் மிகப் பழைமையானது. தனக்குரிய சாவிக்கன்றி மற்றொன்றுக்கு இணங்காமையே நற்பூட்டின் பெருமை. அதுபோலக் காவற்பொறியின் முகவரிக்கு மட்டுமே, வேண்டிய வாயிலை மட்டுமே திறத்தல் வேண்டும். எஸ்.என்.எம்.பி.யின் பழைய வடிவங்களில் அடையாளச் சொல்லாகப் பப்ளிக் என்பதையே பலர் மாற்றாது விட்டுவிடுவர். அது சாவியை நிலைப்படியின்மேல் வைத்து வெளியூர் செல்வதை ஒக்கும். செய்தியை மறைத்தனுப்பும் மூன்றாம் வடிவத்தை வழங்குதலும், காவற்பொறிக்குப் பார்க்கும் உரிமையன்றி மாற்றும் உரிமை கொடாமையும் நன்று.

3. நாழிகை ஒத்திருத்தல்

பத்துப் பொறிகள் பத்து வேறு நேரங்களைக் காட்டுமாயின், எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என அறிய வழியில்லை. காரணத்தைக் காரியமென்றும் காரியத்தைக் காரணமென்றும் மயங்குவோம். டேவிட் மில்ஸ் என்பார் வகுத்து 1985-இல் வெளியான என்.டி.பி. என்னும் நெறிமுறை இம்மயக்கத்தைத் தீர்ப்பது. நம் நாட்டின் செர்ட்-இன் என்னும் அரசமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் வெளியிட்ட கட்டளையில், நிறுவனங்கள் தம் பொறிகளின் நாழிகையைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நாழிகையோடு ஒத்துநிற்கச் செய்தல் வேண்டுமென்றும், பொறிகளின் நிகழ்ச்சிக் குறிப்புகளை 180 நாட்கள் காத்து வைத்தல் வேண்டுமென்றும் விதித்தது. ஆகவே இது நல்லொழுக்கம் மட்டுமன்று, சட்டமும் ஆம்.

4. இடமும் மின்சாரமும்

காவற்பொறியைக் காக்கப்படும் பொறிகளோடு ஒரே மின்கம்பியில் இணைத்தல் பெரும் பிழை. விளக்கணைந்த வீட்டில் விளக்கணைந்தது என எழுதிக்காட்ட விளக்கைத் தேடுவதை அது ஒக்கும். தனித்த யு.பி.எஸ்., துள்ளலைத் தடுக்கும் காப்பு, நன்கு நிலத்திற் பதித்த எர்த்துக் கம்பி ஆகியன முன்னரே அமைதல் வேண்டும். கோடை இடிமழையும் மின்தடையும் நம் சமவெளிக்குப் புதியன அல்ல. காவற்பொறி உயிரோடுள்ளதா என நோக்க, வேறோரிடத்தில் சிறு பொறியொன்றை வைத்தலும் வேண்டும். காவற்காரனையும் காப்பார் ஒருவர் வேண்டுமன்றோ?

5. அளவைக் கணக்கிடுதல்

நூறு பொறிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஐம்பது செய்திகளை நிமிடத்திற்கொருமுறை கேட்கின்றோம் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 5,000, ஒரு நாளைக்கு 72,00,000 செய்திகளாம். ஒவ்வொன்றும் 90 பைட் இடங் கொள்ளுமாயின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 கோடி பைட். 180 நாட்களில் 11,600 கோடி பைட்டுக்கும் மேலாம். இதனைக் கணக்கிடாது நிறுவுவார், வட்டு நிரம்பியதைக் காணவைத்த பொறியின் வட்டே முதலில் நிரம்பக் காண்பர். ஐந்து நிமிடத்திற்கொருமுறை கேட்டால் போதிய செய்திகளை அவ்வாறே கேட்பின், இடம் ஐந்திலொன்றாய்ச் சுருங்கும். மெல்லிய இணைப்புகளின் சுமையும் குறையும். எல்லாவற்றையும் நோக்குதல் காவலன்று. வேண்டுவதை நோக்குதலே காவல்.

6. இயல்பறிந்து மணி கட்டுதல்

இயல்பை அறியாதான் இயல்பின்மையை அறியான். ஆகவே சில வாரங்கள் அளந்து பார்த்த பின்னரே எல்லைகளை வகுத்தல் வேண்டும். ஆண்டின் ஏனைய நாட்களை வைத்துத் தைப்பூசத்தில் பழனிச் சாலையின் கூட்டத்தை மதிப்பிடலாமா? தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கல்லூரிச் சேவையகத்தின் சுமையும் அத்தகையதே. ஒரு முறை மறுமொழி தவறியதும் மணி ஒலித்தல் ஆகாது. ஒற்றரை ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஆளவேண்டுமென்றும், மூவர் சொல் ஒத்தவழியே தெளியவேண்டுமென்றும் ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி ஈண்டும் ஏற்கத்தக்கது. வேறு வேறு வழியாகச் செய்த மூன்று சோதனைகள் ஒத்தபின் அறிவித்தல் முறை. அறிவிப்புச் செல்லும் வழியும் வேறாதல் வேண்டும். இணையமே அற்றபின் மின்னஞ்சல் எங்ஙனம் செல்லும்? கைப்பேசிக் குறுஞ்செய்தி அதற்குதவும். எல்லாவற்றினும் மேலாக, நள்ளிரவில் அச்செய்தியைப் பெறுவார் யாவர், அவர் இல்லாதபோது அடுத்தவர் யாவர், பெற்றவர் முதலிற் செய்யத்தக்கது யாது என்பவற்றை எழுதி வைத்தல் வேண்டும். பெறுவாரில்லாத மணி வெற்றோசையே.

மேற்கூறிய ஆறனுள் மென்பொருள் ஒன்றினாற் செய்துகொள்ளத்தக்கது ஒன்றேனும் இல்லை என்பதைக் கற்போர் நோக்குக. யாவும் மக்கள் அமர்ந்து எண்ணி எழுதிச் செய்யவேண்டியனவே. வாள் வரக்கண்டும் எக்காளம் ஊதாத காவற்காரனைக் குறித்து எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமம் கடிந்துரைக்கின்றது. ஆயின், வரும் வழி காட்டாதும், ஊரின் பெயர் சொல்லாதும், ஓசை கேட்பார் எவரையும் ஏற்படுத்தாதும் ஒரு காவற்காரனைக் குன்றின்மேல் ஏற்றிவிட்டு, அவன்மேற் பழி சுமத்துதல் நீதியாமோ? பழி நிறுத்தினார்மேலதே.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் நாளை மருத்துவமனையிலோ, பள்ளியிலோ, ஆலையிலோ, ஊராட்சி அலுவலகத்திலோ பணியேற்பர். அங்கே புதிய மென்பொருள் வாங்கவேண்டுமென்னும் பேச்சு எழும்போது, பெயரேடு எங்கே என முதலில் வினவுவாராக. அவ்வொரு வினாவினாலே, சிற்றூர் மையத்தில் மருத்துவரின் முகம் திரையில் தோன்றுமென்று காத்திருக்கும் முதியவர் ஏமாற்றத்தோடு வீடு திரும்பாதிருப்பர்.